ஒத்த மொழியும் ஒளிந்த பொருளும்

தென் அமெரிக்க நாடொன்றில் நெடுங்காலமாக மறைப்பணி ஆற்றிவரும் அருள்தந்தை ஒருவர் நம் இளமைக்கால நண்பர். அண்மையில் அவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. வழக்கமான நலம் விசாரிப்புக்குப் பின் அவர் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். அவருடைய பங்கில் வாரந்தோறும் பொதுநிலையினர் சிலர் கூடி நூல் வாசிப்பது வழக்கம். அவ்வாசகர்களுள் இளையோர் பலர் சந்தைக் கடைகளில் மலிவு விலைக்கு விற்கும் சீட்டுக்குறி, எண்கணிதம், இரகசிய ஞானம் பற்றிய துண்டு நூல்களை வாங்கிப் படிக்கத் தொடங்கிவிட்டனராம். தடுத்தால் ஒளித்துப் படிப்பர். எனவே அத்துறையிலேயே ஆழ்ந்து எழுதப்பட்ட பழைய நூலொன்றை அவர்கள் முன் வைத்து, ஏற்கத்தக்கது எது, தள்ளத்தக்கது எது எனப் பிரித்தறியப் பழக்கலாம் என்று அவர் எண்ணினார். அதற்கென அவர் தேர்ந்த நூல், லூயி குளோது தெ சேன் மர்த்தேன் என்னும் பிரெஞ்சு ஞானி 1790-இல் வெளியிட்ட 'லோம் தெ தெசீர்'. வேட்கையின் மனிதன் என நாம் அதைச் சொல்லலாம். திருப்பாடல்களின் சாயலில் அமைந்த 300-க்கும் மேற்பட்ட சிறு பகுதிகளைக் கொண்ட நூல் அது. அவற்றுள் நாற்பதை ஸ்பானிய மொழியில் தரவேண்டும். இருவர் முன்வந்துள்ளனர். யாரைத் தேர்வது?

இருவரும் மாதிரிக்காக மொழிபெயர்த்த அதே இரண்டு பக்கங்களையும் நண்பர் உடன் அனுப்பியிருந்தார். இளமையில் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றவர் நாம். ஸ்பானியமோ, அவிலா புனித தெரேசாவை அகராதியின் துணையோடு வாசித்து வாசித்துப் பழகியது. இத்தகுதி சிறிதே. எனினும் அப்பக்கங்களை ஒப்பிட்டபோது எழுந்த எண்ணங்கள், இரு மொழிகளுக்கும் தொலைவில் இருக்கும் நம் வாசகர்களுக்கும் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதத் துணிகிறோம். ஏனெனில் இது மொழியைப் பற்றிய வினா மட்டுமன்று. பிறர் எழுதிய நம்பிக்கையை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்னும் வினாவும் ஆகும்.

இரு மாதிரிகள்

முதலாமவர் மறைபொருள் துறையில் இருபது ஆண்டுகள் தோய்ந்தவர். அவருடைய பக்கங்களில் சாதாரணச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கின. மூலத்தில் 'ஒளி' என்றிருந்தால் அவரிடம் அது பட்டம் சூட்டிய ஒளியாயிற்று. மூலம் சொல்லாமல் விட்ட இடங்களில் அவரே இரண்டு வாக்கியங்களைச் சேர்த்திருந்தார். வாசகன் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாதே என்பதற்காகவாம். இரண்டாமவர் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கலை பயின்ற பெண்மணி. அவருடைய நடை தெளிந்த நீரோடை. ஆயின் மூலத்தில் இருந்த கரடுகள் ஒன்றுகூட அதில் இல்லை. மூலாசிரியர் தடுமாறிய இடத்தில் இவர் தடுமாறவில்லை. அவர் வியந்து நின்ற இடத்தில் இவர் விளக்கி நடந்தார்.

முன்னவர் மிகையாக நம்பினார். பின்னவர் எதையும் நம்பாதவர்போல் எழுதினார். இருவரும் மூலத்தை மாற்றிவிட்டனர். பொதுவாக இத்தகைய நூலுக்கு ஆள் தேடுவோர், 'இத்துறையில் தேர்ந்தவர் வேண்டுமா, மொழியில் தேர்ந்தவர் வேண்டுமா?' என்றே கேட்கின்றனர். அவ்வினாவே பிழை என்பது நம் துணிபு.

உடன்பிறந்தாரின் தொல்லை

பிரெஞ்சும் ஸ்பானியமும் இலத்தீன் தாய் பெற்ற உடன்பிறப்புகள். ஒன்றை அறிந்தவர்க்கு மற்றொன்று பாதி திறந்த கதவு. இதனாலேயே இவற்றிடையே மொழிபெயர்ப்பது எளிது எனப் பலரும் நினைக்கின்றனர். அன்றாடச் செய்திக்கு அது உண்மையாக இருக்கலாம். மறைபொருள் நூலுக்கு அதுவே பெருந்தொல்லை. அயல் மொழியின் சொல் அயலானாகவே நிற்பதால் நாம் விழிப்போடு இருக்கிறோம். உடன்பிறந்த மொழியின் சொல்லோ நம் வீட்டு முகத்தோடு வருகிறது. யாரென்று கேளாமலே உள்ளே விட்டுவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சில் 'ஆந்தாந்திர்' என்றால் இன்று பெரும்பாலும் கேட்டல் என்று பொருள். பழைய உரைநடையில் புரிந்துகொள்ளல் என்றும் பொருள்படும். அதே வேரில் பிறந்த ஸ்பானியச் சொல் 'எந்தெந்தேர்' புரிந்துகொள்ளலையே முதன்மையாகக் குறிக்கும். செவியுள்ளோர் கேட்கட்டும் என்று நம் ஆண்டவர் கூறும் இடத்தில் பிரெஞ்சு விவிலியம் முதற்சொல்லைப் பயன்படுத்தும். ஸ்பானிய விவிலியமோ 'ஓயிர்' என்னும் வேறு சொல்லுக்குச் செல்லும். 18-ஆம் நூற்றாண்டு ஞானி ஒருவர் அச்சொல்லை எழுதும்போது அவர் கேட்கச் சொல்கிறாரா, உணரச் சொல்கிறாரா? பெரும்பாலும் இரண்டையுமே. ஸ்பானியத்தில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

'எஸ்ப்ரி' என்னும் சொல் இன்னும் கடினம். ஆவி, மனம், அறிவுக்கூர்மை, நகைத்திறன் என யாவற்றையும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல் சுமக்கும். ஸ்பானியத்தில் 'எஸ்பீரிது', 'மென்தே', 'இன்ஹேனியோ' எனச் சுமை மூன்றாகப் பிரியும். நண்பர் அனுப்பிய மாதிரியில் முதலாமவர் எங்கும் 'எஸ்பீரிது' என்றே எழுதினார். மனிதரின் சிந்தனை பற்றிப் பேசிய இடத்திலும் ஆவி வந்து நின்றது. இரண்டாமவர் எங்கும் 'மென்தே' என்றார். இறைவனின் மூச்சைப் பேசிய இடத்திலும் மனம்தான் இருந்தது. ஒரு சொல்லை எங்கும் ஒரே சொல்லால் பெயர்ப்பதுதான் நேர்மை என இருவரும் எண்ணியிருக்கலாம். இங்கே நேர்மை என்பது இடந்தோறும் நின்று, 'எந்த எஸ்ப்ரி?' எனக் கேட்பதே.

கத்தோலிக்கருக்கு மிக அணுக்கமான சான்று ஒன்றுண்டு. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் முதலில் பிரெஞ்சு மொழியில் 1992-இல் வெளிவந்தது. அதிகாரப்பூர்வமான இலத்தீன் பதிப்பு 1997-இல் வந்தது. தலையாய நற்பண்புகள் நான்கனுள் மனத்திடத்தைப் பிரெஞ்சு நூல் 'ஃபோர்ஸ்' என்கிறது. வலிமை, விசை, ஆற்றல் என எல்லாவற்றுக்கும் அம்மொழியில் வழங்கும் அதே சொல். ஸ்பானிய மறைக்கல்வி நூலோ, ஒலியில் அடுத்திருக்கும் 'ஃபுவேர்சா' என்னும் சொல்லை விட்டுவிட்டு 'ஃபோர்தலேசா' என்றது. முன்னது வெறும் பலம், பின்னது நற்பண்பு. ஸ்பானிய மறைக்கல்வி வகுப்பில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இவ்வேறுபாடு தெரியும். அகராதியை மட்டும் நம்புபவருக்குத் தெரியாமற் போகலாம்.

சீட்டுகளின் பெயர்கள்

இந்த 'ஃபோர்ஸ்' என்னும் சொல் மறைக்கல்வியில் மட்டுமன்றி, மறைக்கல்வியாளர் பலரும் அஞ்சும் ஓரிடத்திலும் வாழ்கிறது. மர்செய் நகர வழக்கிலான பழைய டாரட் சீட்டுகளுள் பதினொன்றாவதன் பெயரும் அதுவே. அச்சீட்டுகளைக் கொண்டு குறி சொல்வதைத் திருச்சபை ஏற்பதில்லை; மறைக்கல்வி நூல் 2116-ஆம் எண்ணில் எல்லாவகைக் குறிகூறலையும் விலக்கச் சொல்கிறது. ஆயினும் குறி சொல்வதை அறவே ஒதுக்கிவிட்டு, அச்சீட்டுகளின் ஓவியங்களைத் தியானப் பொருளாக மட்டும் கொண்டு எழுதப்பட்ட நூல் ஒன்றுண்டு. எழுதியவர் வாலன்தீன் தோம்பெர்க். 1900-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்து, பின்னர்க் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவி, 1973-இல் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் மறைந்தவர். முன்பின் அறியாத நண்பனுக்கு எழுதிய 22 மடல்களாக அந்நூலை அவர் பிரெஞ்சில் எழுதினார். தம் பெயர் வெளிப்படுவதையும் விரும்பவில்லை. ஜெர்மன் பதிப்பொன்றுக்கு இறையியலார் ஹான்ஸ் உர்ஸ் ஃபான் பல்தாசர் முன்னுரை எழுதினார். ஸ்பானிய மொழியில் 1987-இல் பார்சலோனாவின் ஹெர்டர் பதிப்பகம் அதை வெளியிட்டது.

இந்நூலை மொழிபெயர்க்க அமரும் ஒருவர் முன் உள்ள இடர்களை நினைத்துப் பார்ப்போம். முதற்சீட்டின் பிரெஞ்சுப் பெயர் 'லெ பத்தெலேர்'. தெருவில் மேசை போட்டு வித்தை காட்டும் கழைக்கூத்தன் இவன். ஸ்பானியத்தில் இச்சீட்டுக்கு வழக்கமான பெயர் 'எல் மாகோ', அதாவது மந்திரவாதி. ஆனால் தோம்பெர்க்கின் முதல் மடலோ, வருந்தி முயலாத மன ஒருமையையும், உழைப்பு விளையாட்டாகக் கனிவதையும் பற்றியது. கயிற்றின்மேல் நடப்பவனே அங்கு அவருக்குத் துணை. அவன் மந்திரவாதியாக மாறிவிட்டால், விளையாட்டின் எளிமை போய் ஆற்றலின் வீறாப்பு வந்துவிடுகிறது. வழக்கிலுள்ள பெயரைக் கைவிட்டால் வாசகன் எந்தச் சீட்டென அறியான். கைக்கொண்டால் மடலின் உயிர் குன்றும்.

பதினாறாவது சீட்டு 'லா மேசோன் தியே', கடவுளின் இல்லம். பழைய பிரெஞ்சில் நோயுற்றோரையும் வழிப்போக்கரையும் ஏற்கும் அறநிலையத்துக்கும் அப்பெயர் வழங்கியது. ஸ்பானியத்தில் பெரும்பாலும் இது 'லா தோர்ரே', வெறும் கோபுரம். இடி விழுந்து சரிவது கோபுரம் என்றால் அது ஒரு விபத்து. சரிவது கடவுளின் இல்லம் என்றால் அது நம்மைத் தூங்கவிடாத ஒரு வினா. பதின்மூன்றாவது சீட்டுக்கு மர்செய் வழக்கில் பெயரே எழுதப்படுவதில்லை. மற்ற மொழிகளில் 'சாவு' எனத் தயங்காமல் பெயரிட்டுவிடுகின்றனர். எழுதாமல் விட்ட பெயரை எழுதுவதும் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையே.

எல்லாவற்றினும் நமக்குப் பாடமாவது இரண்டாம் சீட்டு. 'லா பப்பேஸ்' என்பது அதன் பெயர்: பெண் திருத்தந்தை. ஸ்பானியத்தில் 'லா பப்பீசா' என நேராகவே சொல்லலாம். சொல்லும் வழக்கமும் உண்டு. பக்தி மிகுந்த மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் கண்டு அஞ்சி 'சசெர்தோத்தீசா', அதாவது பெண் பூசாரி என மாற்ற நினைப்பார். மறைபொருள் துறையில் தேர்ந்தவரோ, ஆங்கில நாட்டுச் சீட்டுகளிலிருந்து பரவிய புது வழக்கைப் பின்பற்றி அதே 'சசெர்தோத்தீசா'வையே எழுதுவார். அஞ்சியவரும் தேர்ந்தவரும் எதிரெதிர் வாசல் வழியே நுழைந்து ஒரே பிழையில் வந்து அமர்கின்றனர். ஒருவர் திருச்சபையைக் காப்பதாக நினைக்கிறார். மற்றவர் திருச்சபையின் சுவடே இல்லாத தொன்மையைக் காப்பதாக நினைக்கிறார். இருவருக்கும் இடையில், கிறிஸ்தவ ஐரோப்பாவின் தெருவில் பிறந்த அந்தப் பழைய ஓவியம் தன் பெயரை இழக்கிறது.

ஒலியில் ஒளிந்தது

சில நூல்களில் பொருள் சொல்லில் மறைவதில்லை, ஒலியில் மறைகிறது. ஃபுல்கனெல்லி என்னும் புனைபெயரில் 1926-இல் பாரிசில் வெளிவந்த 'பேராலயங்களின் மறைபொருள்' என்னும் இரசவாத நூலை இதற்குச் சான்று காட்டலாம். அதன் ஆசிரியர், கோதிக் கலையைக் குறிக்கும் 'ஆர் கோத்திக்' என்னும் பிரெஞ்சுத் தொடரை ஒலியால் பிரித்து, அது 'ஆர்கோத்திக்' என்பதன் மாறுவேடமே என்கிறார். 'ஆர்கோ' என்றால் ஒரு குழுவினர் பிறர்க்கு விளங்காதபடி தமக்குள் பேசும் குழூஉக்குறி. ஆக, பேராலயம் என்பது கல்லில் பேசும் குழூஉக்குறி என்பது அவருடைய வாதம். சொற்பிறப்பியல் இதை ஏற்காது. கோதிக் என்பது கோத்தியர் என்னும் இனப்பெயரின் வழி வந்தது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் இகழ்ச்சியாக இட்ட பெயர். ஆயின் நூல் முழுவதும் இத்தகைய ஒலி விளையாட்டின்மீதே நிற்கிறது.

ஸ்பானியத்தில் 'ஆர்தே கோத்திகோ' எனும்போது நடுவே ஓர் உயிரொலி புகுந்து விளையாட்டைக் கலைத்துவிடுகிறது. அதே ஆசிரியர் வேறோரிடத்தில், தாம் பேசும் ஒலிக் கலையை எபிரேயரின் கப்பாலா மரபினின்று பிரித்து, குதிரையைக் குறிக்கும் 'கபல்லுஸ்' என்னும் இலத்தீன் சொல்லோடு இணைக்கிறார். பிரெஞ்சில் குதிரை 'ஷெவால்'. ஒலி எட்டி நிற்கிறது. ஸ்பானியத்தில் குதிரை 'கபாயோ'. பிரெஞ்சைவிட மூலத்துக்கு நெருக்கம். ஓரிடத்தில் இழந்ததை மற்றோரிடத்தில் மொழியே ஈடு செய்கிறது.

நல்ல மொழிபெயர்ப்பாளர் இங்கே என்ன செய்வார்? தவறான சொற்பிறப்பைத் திருத்தமாட்டார்; அது ஆசிரியரின் தவறு, அவருக்கே உரியது. கலைந்த விளையாட்டுக்கு ஈடாகத் தாமே புதிய ஒன்றை உண்டாக்கவும் மாட்டார். பிரெஞ்சுத் தொடரை அப்படியே நிறுத்தி, அடிக்குறிப்பில் இரண்டு வரியில் நிகழ்வதைச் சொல்லிவிட்டு நகர்வார். அடிக்குறிப்பு தோல்வியின் அடையாளம் என்பர் சிலர். நாம் அதைக் கணக்குக் காட்டுதல் என்போம்.

தாயகம் திரும்பிய ஞானி

மறைபொருள் நூலின் மொழிபெயர்ப்பாளர் எந்த மொழியில் வேரூன்றியிருக்க வேண்டும்? மூலமொழியிலா, பெறும் மொழியிலா? இதற்கு விடை தரும் நிகழ்வு ஒன்று ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்தது. இஸ்லாமிய மெய்ஞ்ஞானியருள் தலைசிறந்த இப்னு அரபி, 1165-இல் இன்றைய ஸ்பெயினின் முர்சியா நகரில் பிறந்தவர். அவரைப் பற்றி ஆன்ரி கொர்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1958-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூல் 1993-இல் மரியா தபூயோ, அகுஸ்தீன் லோப்பெஸ் இருவரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பில் வந்தது. முர்சியாவின் மைந்தர், அரபியிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்று, பிரெஞ்சு வழியே தாயகம் திரும்பினார்.

அவருக்கு ஸ்பானியத்தில் முன்பே ஒரு வீடு இருந்தது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. மிகேல் அசீன் பலாசியோஸ் என்னும் கத்தோலிக்கக் குரு, 1931-இலேயே இப்னு அரபியைப் பற்றி விரிவான நூல் எழுதியிருந்தார். அதற்கும் முன்பே, 16-ஆம் நூற்றாண்டில், புனித சிலுவை அருளப்பரும் அவிலா தெரேசாவும் ஆன்மாவின் இரவுக்கும் வறட்சிக்கும் ஒன்றிப்புக்கும் உரிய சொற்களை ஸ்பானியத்தில் செதுக்கி வைத்திருந்தனர். கொர்பேனின் நூல் இச்சொற்களின் நடுவே வந்து இறங்குகிறது. அவருடைய ஒவ்வொரு கருத்துக்கும் கார்மேல் சபையின் சொல்லையே சூட்டினால், இப்னு அரபி அறியாமலே திருமுழுக்குப் பெற்றுவிடுவார். அச்சொற்களை அறவே தவிர்த்தால், ஸ்பானியம் தன் ஆழத்தை இழந்து தட்டையாகிவிடும்.

கொர்பேனே இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். புலனுலகுக்கும் அறிவுலகுக்கும் இடைப்பட்டதாக அந்த ஞானியர் கூறும் உலகைக் குறிக்க, பிரெஞ்சில் கற்பனையானது எனப் பொருள்படும் 'இமஜினேர்' என்னும் சொல் உதவாது. அது பொய்யென ஒலிக்கும். எனவே இலத்தீனிலிருந்து 'இமஜினால்' என்னும் சொல்லைப் புதிதாக ஆக்கிக்கொண்டார். ஸ்பானியத்திலும் 'இமஹினாரியோ' என்பதன் அருகே 'இமஹினால்' எனப் புதுச்சொல்லை நிறுத்த முடிகிறது. வாசகன் ஒரு கணம் தயங்குவான். அத்தயக்கத்தை ஆசிரியரே வேண்டினார். எனவே அதை நீக்குவது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று.

சில நேரங்களில் பெறும் மொழி, கேளாத கொடையையும் தந்துவிடும். சிமோன் வேய் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1950-இல், தொமினிக்கன் சபைத் தந்தை பெரேன் தொகுத்து வெளியிட்ட நூலின் பிரெஞ்சுப் பெயரில் காத்திருத்தல் மட்டுமே உண்டு. நம்பிக்கைக்கு அம்மொழியில் வேறு சொல். ஸ்பானியத்திலோ 'எஸ்பெரார்' என்னும் ஒரே வினை காத்திருத்தலையும் நம்பிக்கை கொள்ளலையும் ஒருங்கே குறிக்கும். 'அ லா எஸ்பேரா தெ தியோஸ்' என்னும் ஸ்பானியத் தலைப்பில், காத்திருப்பவளின் கையில் நம்பிக்கையும் சேர்ந்துவிடுகிறது. ஆறுதலை அவ்வளவு கண்டிப்போடு ஒதுக்கிய அம்மையார் இதை ஏற்றிருப்பாரோ என நாம் ஐயுறுகிறோம். எனினும் வேறு தலைப்பை நம்மால் நினைக்க முடியவில்லை. மொழி தானே தருவதை மறுக்க முடியாது; தந்தது மூலத்தில் இல்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருந்தால் போதும்.

வேட்கையின் மனிதன்

மீண்டும் நண்பரின் நூலுக்கு வருவோம். அதன் தலைப்பே ஒரு சோதனை. முதலாமவர் அதைப் பெரிய எழுத்துகளில் 'ஓம்ப்ரே தெ தெசேயோ' என எழுதி, தீட்சை பெற்றவனின் பட்டம் அது என்று குறிப்பும் சேர்த்திருந்தார். இரண்டாமவர் 'ஓம்ப்ரே தெசேயான்தே' என்றார், விரும்புகின்ற மனிதன். மனநல மருத்துவ நூலின் வாடை அதில் வீசிற்று. இருவரும் ஒன்றைத் தவறவிட்டனர். அத்தொடர் விவிலியத்தின் கொடை. தானியேல் நூலில் வானதூதர் இறைவாக்கினரை அழைக்கும் சொல்லை, புனித எரோணிமுவின் இலத்தீன் பெயர்ப்பு வேட்கைகளின் மனிதர் எனத் தந்தது. இன்றைய மொழிபெயர்ப்புகள் எபிரேயத்தை ஒட்டி 'மிகவும் அன்புக்குரியவர்' என்பதால், புதிய விவிலியத்தைப் புரட்டினால் அத்தொடர் கிடைக்காது. பழைய ஸ்பானிய விவிலியத்தைத் திறந்தால், 'பரோன் தெ தெசேயோஸ்' எனத் தானியேல் காத்திருக்கிறார். இரு மொழியினரும் பொதுவாக வணங்கிய நூலில் அச்சொல் இருக்க, ஒருவர் அதை இரகசியக் குழுவிலும் மற்றவர் மருத்துவமனையிலும் தேடினார்.

இதனால் அந்நூல் முழுதும் கத்தோலிக்கம் ஆகிவிடாது. சேன் மர்த்தேன் திருச்சபையின் எல்லைக்குள் முற்றும் அடங்கியவர் அல்லர். அவர் கூறுவனவற்றுள் நாம் ஏற்க இயலாதன பல. அவற்றையும் உள்ளவாறே பெயர்த்தால்தான் நண்பரின் வாசகர்கள் பிரித்தறிய முடியும். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்கருக்குப் பவுலடியார் எழுதினார். முன்கூட்டியே திருத்தப்பட்ட நூலில் சீர்தூக்க என்ன இருக்கிறது? தவறைத் திருத்திப் பெயர்ப்பவர் வாசகனைக் காப்பதில்லை. அவனிடமிருந்து தராசைப் பறித்துக்கொள்கிறார்.

இந்த ஆசிரியரே ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பதை நண்பர் மறந்திருந்தார். யாக்கோப் பேமே என்னும் ஜெர்மானியச் செருப்புத் தொழிலாளியின் மறைஞான நூல்களைப் பற்றிக் கேள்விப்பட்ட சேன் மர்த்தேன், ஐம்பது வயதை நெருங்கும் பருவத்தில் ஜெர்மன் மொழியைக் கற்கத் தொடங்கினார். 1800-இல் பேமேயின் முதல் நூலைப் பிரெஞ்சில் தந்தார். 1803-இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். தாமே புகழ்பெற்ற ஞானியாக இருந்தும், ஒரு தொழிலாளியின் நூலுக்கு முதிய வயதில் மாணவரானார். மறைபொருள் நூலுக்கு எத்தகையவரைத் தேடுவது எனக் கேட்போர்க்கு, இவரே போதிய விடை.

நாம் எழுதிய மறுமொழி

நண்பருக்கு நாம் எழுதியதன் சாரம் இது. முதலாமவரைத் தவிர்க்கவும், அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் கேட்பதில்லை. இரண்டாமவரை உடனே அமர்த்தவும் வேண்டா. அவரிடம் அதே இரண்டு பக்கங்களைத் திருப்பி அனுப்பி, மொழிபெயர்ப்பைக் கேளாமல் ஐயங்களின் பட்டியலைக் கேட்கவும். பட்டியல் வராவிடில் வேறு ஆள் தேடவும். வந்தால், பணி தொடங்குமுன் இரண்டு திங்கள் சிலுவை அருளப்பரின் உரைநடையையும் பழைய விவிலியத்தையும் வாசிக்கச் சொல்லவும். அவர் நம்பிக்கையாளரா எனக் கேட்க வேண்டா. நம்புகிறவர்கள் பேசும் மொழிக்குச் செவி உண்டா என்று மட்டும் பார்க்கவும். திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு ஓர் ஏடு வைத்து, எங்கே எதை ஏன் எழுதினார் எனக் குறிக்கச் சொல்லவும். இறையியல் கற்ற ஒருவர் முடிவில் படிக்கட்டும். ஆனால் அவருடைய கருத்துகள் முன்னுரையில் வரட்டும், மூலத்தினுள் புக வேண்டா.

இறுதியாக ஒன்று சொன்னோம். பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி பேசாதீர்கள். பக்கக் கணக்கில் கூலி பெறுபவருக்கு ஒவ்வோர் ஐயமும் நட்டம். ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிற்கக்கூடியவர் வேண்டுமானால், அந்த மாலைக்கும் சேர்த்து நாம் கொடுத்தாக வேண்டும். சிற்றாலயத்தின் வருவாயில் இது எளிதன்று என அறிவோம். நாற்பது பகுதிகளுக்குப் பதில் இருபது போதும் என எழுதினோம்.

மூன்று வாரங்கழித்து நண்பர் மறுமடல் அனுப்பினார். அப்பெண்மணி பதினேழு ஐயங்களை எழுதித் தந்திருந்தாராம். நகலும் உடன் இருந்தது. முதல் ஐயம் தலைப்பைப் பற்றியது. தாம் எழுதியது தமக்கே உறுத்தியதென்றும், இச்சொல்லை எங்கோ பாட்டி வாயில் கேட்டதாக நினைவென்றும், அது எந்தச் செபத்தில் வருகிறது எனத் தெரியவில்லை என்றும் குறித்திருந்தார். தானியேலின் பெயரை நாம் அவருக்குச் சொல்லவில்லை. பழைய விவிலியத்தைக் கொடுத்துத் தேடவிடுமாறு நண்பருக்கு எழுதிவிட்டோம். அவர் இப்போது இருபது பகுதிகளைத் தொடங்கியிருக்கிறார்.